ஒரு விரல் இறக்கம்

"மூச்சை உள்ள இழுங்க—"

"இழுத்தாச்சு. இதுக்கு மேல இழுத்தா—"

"வயித்தச் சொன்னேன்—"

"வயித்தையும் சேர்த்துத்தான் இழுத்திருக்கேன், பட்டன் அந்தக் கரை, துளை இந்தக் கரை, நடுவுல—"

"நடுவுல உங்க வாய்தான் இருக்கு. ரெண்டு நிமிஷம் பேசாம நின்னா பூட்டிடலாம்!"

பல் டாக்டர் பேசாமல் நின்றார். அவர் மனைவி கோட்டின் இரண்டு பக்கங்களையும் பிடித்து இழுத்துப் பட்டனைத் துளைக்குள் நுழைத்தாள். அவர் மூச்சை விட்டார். பட்டன் பட்டென்று வெளியே வந்தது.

தையற்கடையின் மாடியில் கண்ணாடி மூன்று மடிப்பாக நின்றது. அதில் மூன்று டாக்டர்கள் தெரிந்தார்கள். மூன்று பேருக்கும் கோட்டு பொருந்தவில்லை. தோள் இரண்டு பக்கமும் எலும்பைத் தாண்டிப்போய்த் தொங்கியது. கை, விரல்முட்டி வரைக்கும் வந்து மூடியது. வயிற்றில் மட்டும் துணி போதவில்லை.

"சோளக்கொல்லை பொம்மைக்குக்கூட இதைவிட நல்லா மாட்டுவாங்க" என்றார் டாக்டர்.

"பொம்மை ஆடாம நிக்கும்ல" என்றாள் அவள். "டெய்லர்! உங்களைத்தான் கேக்குறேன். பெருசாத் தைச்சீங்களா, சின்னதாத் தைச்சீங்களா? எதாவது ஒண்ணு சொல்லுங்க."

டெய்லரின் வாயில் குண்டூசிகள் இருந்ததால் அவருடைய கருத்து அதுவரை வெளியே வந்திருக்கவில்லை. ஒவ்வோர் ஊசியாக எடுத்து மணிக்கட்டில் கட்டியிருந்த பஞ்சில் குத்தினார்.

"பெருசுன்னா எல்லா இடத்துலயும் பெருசா இருக்கணும் மேடம். சின்னதுன்னா எல்லா இடத்துலயும் பிடிக்கணும். இது ரெண்டும் இல்லை. நீங்க என்ன அளவு குடுத்தீங்களோ அதுதான். ஒரு நூல் மாத்தலை."

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்."

"நான் எங்க மேடம் ஆடினேன்? நீங்க ஆடினீங்க, நான் வெட்டினேன்."

டெய்லர் சொன்னதில் பொய் இல்லை. அந்த அம்மாள் எந்தக் கடையிலும் டேப்பை நம்பியவள் இல்லை. "என் கைதான் டேப்பு" என்பாள். தோளுக்கு இத்தனை சாண், இத்தனை விரல். கை நீளத்துக்கு ஒரு முழமும் கொசுறும். மார்புக்கு, இரண்டு கைகளையும் வளைத்துக் கட்டிக்கொண்டால் வலது கை விரல்கள் இடது மணிக்கட்டில் எங்கே வந்து முட்டுகின்றன என்பது கணக்கு. அன்றைக்கும் இதே கண்ணாடிக்கு முன்னால் நின்று, ஆளில்லாத இடத்தைக் கட்டிப்பிடித்துக் காட்டினாள். டெய்லர் அந்தக் கைகளுக்கு நடுவே டேப்பை ஓட்டி அளந்துகொண்டார். டாக்டர் வரவில்லை. நாற்காலியில ஆள் வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்கான், நான் எங்க வர்றது, நீயே குடுத்துடு என்று போனில் சொல்லிவிட்டார்.

"டாக்டர்ப்பா, கையைக் கொஞ்சம் கீழ விடுங்க" என்றாள் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மகள். வரும் ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத்தான் கல்யாணம். ரிஜிஸ்தர் ஆபீஸில் கையெழுத்து, பிறகு ஒரு ஹாலில் விருந்து. "அப்படியே நில்லுங்க. கை மட்டும் குறைச்சா போதும்னு தோணுது."

"கையைக் குறைக்கலாம். தோளை எங்க கொண்டு வைக்கிறது?" என்றார் டாக்டர். அவளிடம் பேசும்போது மட்டும் குரல் இறங்கிவிடும்.

அவள் அவருக்குப் பிறந்த மகள் இல்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷம். முதலில் டாக்டர் என்று கூப்பிட்டாள். அப்புறம் டாக்டர்ப்பா. முன்பாதி எப்போது உதிரும் என்று அவர் காத்துக்கொண்டிருந்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அவர்தான் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார். போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "மேடையில அம்மாகூட நீங்கதான் நிக்கணும்" என்று அவள் சொன்னாள். கை கழுவப் போனவர் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் வரவில்லை. அதற்காகத்தான் இந்தக் கோட்டு. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தைத்துப் போடும் கோட்டு.

மகளின் போன் அடித்தது. பார்த்தாள். "அப்பா கீழ வந்துட்டாரு."

"எந்த அப்பா?" என்றாள் அம்மா, தெரிந்துகொண்டே.

"எனக்கு எத்தனை அப்பா? அப்பாதாம்மா."

"இங்க எதுக்கு?"

"அவருக்கு மட்டும் கோட்டு வேணாமா? முன்வரிசையில உக்காரப் போறாரு. ரெண்டு பேரும் ஒரே கலர்ல இருந்தா போட்டோவுல நல்லா இருக்கும்னு நான்தான் வரச்சொன்னேன். ரெடிமேட்ல ஒண்ணு பார்த்துக்கட்டும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொன்னா விட்டிருப்பியா?"

"பேண்டு வாத்தியக்காரங்க மாதிரி ஒரே கலர்ல ரெண்டு பேரு! போ, கீழயே பார்த்து அனுப்பிடு. இங்க மேல வரவேணாம்."

"அனுப்ப அவரென்ன பார்சலா?"

"இரு, நானே வர்றேன். நீ பேசினா மேல கூட்டிட்டு வந்துடுவே."

இரண்டு பேரும் பேசிக்கொண்டே படி இறங்கினார்கள். மாடியில் டாக்டரும் டெய்லரும் மட்டும் நின்றார்கள். டெய்லர் சாக்கட்டியை எடுத்துக்கொண்டு டாக்டரைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். இடது தோளை அமுக்கிப் பார்த்தார். விட்டார். மறுபடி அமுக்கினார்.

"இந்தப் பக்கம் ஏன் தூக்கிக்கிட்டு நிக்குது?" என்றார் டாக்டர்.

"உள்ள பஞ்சு பேடு வச்சிருக்கேன் சார். மேடம்தான் சொன்னாங்க. இடது தோள் ஒரு விரல் இறக்கம், பேடு கொஞ்சம் கனமா வைங்க, இல்லாட்டி கோட்டு வழியும்னு. விரலை வச்சே காட்டினாங்க."

"எனக்கு இறக்கமா?"

"உங்களுக்கும் இறக்கம்தான். ஆனா இடது இல்லை, வலது. எதாவது ஒரு பக்கமாக் குனிஞ்சு செய்யுற வேலையா?"

"பல் டாக்டர்."

"அதான். வலது பக்கமா நோயாளி மேல சாய்ஞ்சு சாய்ஞ்சு தோள் விழுந்துடுச்சு. வெளியில தெரியாது, டேப்புல தெரியும்."

டாக்டர் கண்ணாடியைப் பார்த்தார். மூன்று பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

"அப்போ இடது தோள் யாரோடது?"

"அது எனக்கு எப்படி சார் தெரியும்? நான் மேடம் கையைத்தான் அளந்தேன்."

டாக்டர் கோட்டைக் கழற்றி டெய்லர் மேசைமேல் போட்டார். தம் சட்டையைப் பார்த்தார். சட்டையின் தோள் தையலும் எலும்பைத் தாண்டிக் கீழே கிடந்தது. சட்டைக் கையை அவர் எப்போதும் இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொள்வார். நர்ஸ்கூட ஒருமுறை, டாக்டர் எப்பவும் இரவல் சட்டை போட்ட மாதிரியே இருக்கீங்க என்று சிரித்திருக்கிறாள். அவரும் சிரித்தார். தம் உடம்புதான் சட்டைக்குச் சரியில்லை என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தார்.

படிக்கட்டிலிருந்து குரல்கள் ஏறி வந்தன.

"உங்கம்மாகிட்ட சொல்லு, நான் ஒண்ணும் விருந்து சாப்பிட வரலை. பெத்த பொண்ணு கூப்பிட்டா, வந்தேன்."

"உங்கப்பாகிட்ட சொல்லு, கூப்பிட்ட நேரத்துக்கு வர்றது இதுதான் முதல் தடவைன்னு."

"எவனோ லிஃப்ட்ல மாட்டிக்கிட்டுக் கத்திக்கிட்டிருந்தான்னு சொல்லு."

"ஊர்ல இருக்கிற அத்தனை பேரையும் இறக்கிவிட்டாரு, எங்களைத்தான் நடுமாடியில நிறுத்திட்டாருன்னு சொல்லு."

"ரெண்டு பேருக்கும் சொல்றேன்," என்றாள் மகள், "நான் தபால்காரி இல்லை."

மகளைப் பெற்ற அப்பா, லிஃப்ட் மெக்கானிக், உள்ளே வந்தார். உயரமான ஆள், வயிறே கிடையாது. இடது தோளில் கருவிப் பை தொங்கியது. டாக்டரைப் பார்த்ததும், "வணக்கம் டாக்டர் சார்" என்று சொல்லிவிட்டுப் பையை இறக்கி வாசலோரம் வைத்தார். உள்ளே இரும்புகள் இடித்துக்கொண்டன. பை இறங்கிவிட்டது. தோள் ஏறவில்லை.

டாக்டர் அந்தத் தோளையே பார்த்தார்.

"உக்காருங்க" என்றார்.

"நிக்கிறேன். முன்வரிசையில உக்காரத்தானே போறேன், அன்னைக்கு உக்காந்துக்கிறேன்."

"அப்பா, ஆரம்பிக்காதீங்க" என்றாள் மகள்.

"நான் எங்க ஆரம்பிச்சேன்? கல்யாணமே எனக்குத் தெரியாம ஆரம்பிச்சாச்சு. டெய்லர், ரெடிமேட்ல எனக்கு ஒண்ணு எடுங்க. எது கிடைச்சாலும் சரி. என்னை யாரு பார்க்கப் போறா."

"ரெடிமேடு இருக்கட்டும்" என்றார் டாக்டர். "டெய்லர், மேசையில கிடக்குதே, அந்தக் கோட்டை அவருக்கு மாட்டிவிடுங்க."

"எதுக்கு?" என்றாள் மனைவி.

"கலர் ஒத்து வருதான்னு பார்க்கத்தான்."

"கலர் பார்க்க மாட்டணுமா? பக்கத்துல வச்சுப் பார்த்தா தெரியாதா?"

"என் கோட்டு. நான் சொல்றேன். மாட்டட்டும்."

மெக்கானிக் கோட்டைக் கையில் வாங்கினார். கெட்டுப்போன எதையும் முதலில் உள்பக்கம் திருப்பிப் பார்ப்பது அவர் பழக்கம். கோட்டையும் அப்படியே திருப்பினார். கட்டைவிரல் லைனிங்கின் மேல் ஊர்ந்து இடது தோளில் போய் நின்றது. பேடை அழுத்தினார். வலது தோளையும் அழுத்திப் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை. அப்போது தலை நிமிர்ந்து, வந்ததிலிருந்து முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தார். அவள் மகளின் கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தாள்.

"எனக்கு இந்தக் கலர் ஆகாது" என்றார் அவர்.

"மாட்டுங்க" என்றார் டாக்டர்.

"வேர்த்திருக்கேன். புதுத்துணி அழுக்காயிடும்."

"ஆகட்டும்."

மாட்டினார். மாட்டிய உடனே முதுகை வளைத்தார். வயிற்றை முன்னால் தள்ளினார். இரண்டு தோளையும் காதுவரைக்கும் தூக்கினார். கோட்டு கழுத்துக்குப் பின்னால் எழும்பி நின்றது.

"பாருங்க. எனக்குப் பத்தலை."

"நேரா நில்லுங்க."

"நேராத்தான் நிக்கிறேன்."

"அப்பா, ஏன் இப்படிக் கூன் போடுறீங்க?" என்றாள் மகள். "முதுகு பிடிச்சிருக்கா?"

"வயசாகுதும்மா. நீ பார்த்து ரொம்ப நாளாச்சுல்ல, உனக்குத் தெரியாது."

"நேத்து சாயங்காலம்தானே பார்த்தேன்!"

"நேத்து ராத்திரிதான் பிடிச்சுது."

டாக்டர் அவருக்குப் பின்னால் போய் நின்றார். ஆஸ்பத்திரி நாற்காலியில் பயந்து கிடப்பவர்களிடம் பேசும் குரல் ஒன்று அவரிடம் உண்டு. சத்தம் இருக்காது, மறுக்கவும் முடியாது.

"தலையை லேசாப் பின்னால சாய்ங்க. தோளைத் தளர்த்துங்க. அவ்வளவுதான். மூச்சை மெதுவா விடுங்க."

மெக்கானிக் மூச்சை விட்டுவிட்டார். பாத்திரத்தில் ஊற்றிய தண்ணீர் உட்காருவதைப்போலக் கோட்டு அவர்மேல் உட்கார்ந்தது. தோள் தையல் எலும்பின் நுனியில் நின்றது. கை மணிக்கட்டில் நின்றது. ஒரு தோள் இறங்கிய ஆள் அங்கே இல்லை. மூன்று கண்ணாடியிலும் இரண்டு தோளும் சமமாக இருந்தன. டெய்லர் ஒற்றைக் கையால் பட்டனைப் பூட்டினார்.

"அப்பா" என்றாள் மகள். "எவ்வளவு நல்லாருக்கு!" சொன்ன பிறகுதான் டாக்டரைப் பார்த்தாள்.

"நான்தான் சொன்னேனே சார்," என்றார் டெய்லர், தம்மீது பழி இல்லை என்ற சந்தோஷத்தில், "தப்பா வெட்டலை. ஆள்தான் வேற."

"நீங்க கொஞ்சம் ஊசியைத் திருப்பி வாய்ல வச்சுக்குங்க" என்றாள் மனைவி.

டாக்டர் அவளிடம் திரும்பினார்.

"உங்க கை டேப்பு, இல்லையா?"

மரியாதைப் பன்மையில் அவர் அவளிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அது சுருக்கென்றது. சுருக்கென்றதும் சண்டைக்குத்தான் வந்தாள்.

"ஆமா. பழக்கதோஷம். கை பழகிப்போச்சு. அதுக்கு என்ன தலையை வாங்குவீங்களா?"

"பழக ஆறு வருஷம் போதலையா?"

"எங்க நின்னீங்க பழகுறதுக்கு? சட்டை வாங்கணும், வாங்கன்னா ஆஸ்பத்திரி. கோட்டுக்கு அளவு குடுக்கணும், வாங்கன்னா ஆஸ்பத்திரி. நீயே குடு, நீயே குடு. யாருக்காவது வாயைத் திறக்கச் சொல்லிக்கிட்டே இருந்தா கட்டினவ எதை அளப்பா? உங்க வெள்ளைக் கோட்டையா?"

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கலாம்ல."

"தெரியும்னுதான் நினைச்சேன்!"

கத்திவிட்டாள்.

மெக்கானிக் பட்டனைக் கழற்றிக்கொண்டே பேசினார். இந்தத் தடவை மகள் வழியாகப் பேசவில்லை.

"டாக்டர் சார், இதையெல்லாம் பெருசு பண்ணாதீங்க. இவளுக்கு அளவே தெரியாது. எனக்கு வாங்கின சட்டை ஒண்ணாவது சரியா இருந்ததா? எல்லாம் தொளதொளன்னு தொங்கும். என் கூட்டாளிங்க என்னைக் கொடிக்கம்பம்னு கேலி பண்ணுவானுங்க. குருட்டாம்போக்குல இது ஒண்ணு எனக்கு அமைஞ்சுடுச்சு, அவ்வளவுதான். இவ வாங்குனது எதுவும் யாருக்கும்—"

"பொய்!" என்றாள் அவள்.

மெக்கானிக் கண்ணால் வேண்டாம் என்றார். அவள் அதைப் பார்க்கும் நிலையில் இல்லை.

"வாய் கூசாம பொய்! ஒரு சட்டை, ஒரே ஒரு சட்டை தொங்கியிருக்கா? கடைக்காரனே கேப்பான், ஆளே வராம எப்படிம்மா எடுக்குறீங்கன்னு. அந்தச் சனியன் பிடிச்ச பைய மாட்டி மாட்டி விழுந்த தோளுக்கு, உள்பக்கம் துணி மடிச்சுவச்சு நான் தைச்சுக் குடுத்தேன், வெளியில தெரியக்கூடாதுன்னு. பொண்ணு பார்க்க வந்த மாதிரி மிடுக்கா வேலைக்குப் போனீங்களே, அது யாரு கை? இன்னைக்கு வந்து தொளதொளவாம், கொடிக்கம்பமாம்!"

"சரி விடு" என்றார் மெக்கானிக், மிகவும் மெதுவாக. "சொல்லியாச்சு. விடு."

"எதை விடச் சொல்றீங்க?" என்று கேட்டவள் அப்போதுதான் திரும்பி டாக்டரின் முகத்தைப் பார்த்தாள்.

மெக்கானிக் கோட்டைக் கழற்றி, தோளைத் தோளோடு சேர்த்து மடித்து மேசைமேல் வைத்தார். "எனக்குக் கோட்டு வேணாம்மா" என்று மகளிடம் சொன்னார். "இருக்கிற சட்டையிலயே வந்துடுறேன்."

"கழட்டாதீங்கன்னு சொல்லணும்னு நினைச்சேன்" என்றார் டாக்டர். "நீங்களே வச்சுக்குங்க. எனக்குப் போட்டா பிரிக்கணும். உங்களுக்குப் போட்டா ஒண்ணும் பண்ண வேணாம்."

"டாக்டர்ப்பா, அவரு கோட்டோட இருந்தாலும் கோட்டில்லாம இருந்தாலும் மேடையில நீங்கதான்" என்றாள் மகள். எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தாள். "நான் சொன்னா சொன்னதுதான்."

"எதைப் போட்டுக்கிட்டு நிக்கிறது? இந்தச் சட்டையையா? இதுவும் உங்கப்பா அளவுதான்."

"இப்பவே அளவு குடுத்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள புதுசா ஒண்ணு முடிச்சுடலாம் சார்" என்றார் டெய்லர். கழுத்தில் கிடந்த டேப்பைக் கையில் எடுத்தார். "கையை விரிங்க."

டாக்டர் கையை விரிக்கவில்லை. மகளின் பிடியிலிருந்து கையை மெல்ல உருவிக்கொண்டார். டெய்லரிடமிருந்து டேப்பை வாங்கினார். சுருட்டினார். மனைவியின் உள்ளங்கையைத் திருப்பி அதில் வைக்கப் போனவர், வைக்காமல், டெய்லரின் மேசைமேலேயே வைத்துவிட்டார். டேப் சுருள் தானாகக் கொஞ்சம் அவிழ்ந்தது.

"டேப்பு வேணாம். இவங்கதான் டேப்பு."

"என்னங்க இது, நடுக்கடையில—" என்றாள் அவள். ஆனாலும் இரண்டு கைகளும் அரைவாசி உயர்ந்தன. "சரி, வாங்க. இப்ப அளந்துட்டாப் போச்சு. இங்க வந்து நில்லுங்க."

"நின்னா யாரு வேணும்னாலும் அளப்பாங்க. அன்னைக்கு நான் இல்லாமத்தானே சொன்னே. அதே மாதிரி சொல்லு."

அவர் துணி மாற்றும் அறைக்குள் போனார். திரையை இழுத்து மூடினார். கம்பியில் வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி நின்றன. திரைக்குக் கீழே இரண்டு ஷூக்கள் மட்டும் தெரிந்தன.

அவள் கைகள் இன்னும் காற்றில் வளைந்தபடி நின்றன. வலது கை விரல்கள் இடது மணிக்கட்டைத் தேடிப் போயின. போன இடத்தில் நின்றுவிட்டன. மெக்கானிக் கருவிப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார், ஆனால் படி இறங்கவில்லை. டெய்லர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"டெய்லர், நீங்க சொல்லக்கூடாது" என்றது திரைக்குப் பின்னாலிருந்து குரல். "இவ சரியாச் சொன்னா துணியை வெட்டுங்க, ஞாயித்துக்கிழமை போட்டுக்கிட்டு நிக்கிறேன். பெருசா எதுவும் கேக்கலை, மார்பு வேணாம், இடுப்பு வேணாம். எனக்கு எந்தத் தோள் இறக்கம்? அதை மட்டும் சொல்லு."